பலகை மேல் நின்று தொடவும்

எங்கள் கம்பெனியில் யாருக்கும் ஷாக் அடிப்பதில்லை. அடிக்கக் கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இரும்புப் பெட்டியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஏறுகிறதே, அதற்கு ‘லேசான உணர்வு’ என்று பெயர் வைத்து, இனிமேல் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று கூட்டம் போட்டு அறிவித்தார். போன மழைக்காலத்தில் அந்த லேசான உணர்வு எனக்கு முழங்கை வரைக்கும் ஏறியது. கையில் இருந்த அட்டை எந்தப் பக்கம் பறந்தது என்று இன்று வரைக்கும் தெரியாது.

அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனி எங்களுடையது. நீளமான கூடம், அதில் வரிசையாக மூன்று வெட்டும் மெஷின்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள்தான் கம்ப்யூட்டர். பெட்டியின் நெஞ்சில் திரை, திரைக்குக் கீழே பட்டன்கள். எந்த அளவு, எந்த மடிப்பு என்று திரையில் தொட்டுச் சொன்னால் மெஷின் வெட்டித் தள்ளும். தொடுகிற வேலை எனக்கு. முதல் மெஷின் என்னுடையது.

கூடத்தின் கடைசியில் கண்ணாடி அறை. அதில் மேனேஜர். அவர் பக்கத்து நாற்காலியில் கம்ப்யூட்டர் இன்சார்ஜ். அந்த இன்சார்ஜ் என் கூடப் பிறந்த தம்பி. இரண்டு பேருக்கும் முன்னால் தனித்தனித் திரை இருக்கிறது, அதில் மூன்று மெஷினும் தெரியும். அதனால் பெட்டியைத் தொட வேண்டிய பாவம் அவர்களுக்கு இல்லை.

மெஷின்கள் வந்த புதிதில் ஒரு தொல்லை இருந்தது. வெட்டுகிற மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் கம்ப்யூட்டர் திரை அப்படியே உறைந்துவிடும். அட்டை பாதி வெட்டில் நிற்கும். விற்ற கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். பெட்டியைத் திறந்து தூசி ஊதினார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள், டீ குடித்தார்கள், போய்விட்டார்கள். தம்பிக்குத் தூக்கம் போயிற்று. ஒரு நாள் ஏதோ சோதிக்கிறேன் என்று பெட்டியின் பின்பக்கம் இருந்த பச்சை நிற எர்த் வயரைக் கழற்றினான். கழற்றியவன் மறுபடி மாட்ட மறந்துபோனான். அன்றைக்குப் பார்த்து கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

வேறு யாராக இருந்தாலும் இதை மறதி என்று சொல்லியிருப்பார்கள். எங்கள் கம்பெனியில் இதைக் கண்டுபிடிப்பு என்றார்கள். மற்ற இரண்டு பெட்டிகளிலும் எர்த் வயரை உருவி எறிந்தார்கள். தம்பிக்குக் கைதட்டல், கேடயம், மேனேஜரோடு போட்டோ. அன்றிலிருந்து கூடம் முழுக்க அவனுக்கு ‘டாக்டர்’ என்று பேர். நோயாளி பிழைத்துக்கொண்டார், பக்கத்தில் நின்ற எங்களுக்குத்தான் வியாதி தொற்றிக்கொண்டது.

மனுஷன் எதற்கும் பழகிக்கொள்வான் என்பதற்கு எங்கள் கூடத்தை வந்து பார்க்க வேண்டும். பெட்டியை யாரும் நேராகத் தொடுவதில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல முதலில் புறங்கையால் தொட்டுப் பார்ப்போம். உள்ளங்கையால் தொட்டால் விரல்கள் தானாக மடங்கிப் பிடித்துக்கொள்ளும் என்று பயம். வளையல், மோதிரம் எல்லாம் காலையிலேயே டிபன் டப்பாவுக்குள் போய்விடும். ஒரு கை பெட்டியிலும் இன்னொரு கை வெட்டும் மெஷினிலும் பட்டால்தான் உணர்வு ரொம்ப லேசாக இருக்கும் என்பதால், வலது கையால் திரையைத் தொடும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வோம். வேறு ஊரிலிருந்து அட்டைப்பெட்டி வாங்க வந்தவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, “என்ன ஒழுங்கு சார் உங்க ஆட்கள்கிட்ட” என்று பாராட்டினார்களாம். மூன்றாவது மெஷின்காரர் வீட்டிலிருந்து முழங்கால் வரைக்கும் வரும் ரப்பர் பூட்ஸ் கொண்டு வந்து மாட்டிக்கொண்டார். வெயிலோ மழையோ அதைக் கழற்ற மாட்டார். அவரை எல்லோரும் பூட்ஸ் என்றே கூப்பிட ஆரம்பித்தோம்.

மேனேஜரும் சும்மா இருக்கவில்லை. மூன்று மரப்பலகைகள் செய்து, கம்பெனி நிறத்தில் பெயின்ட் அடித்து, மெஷினுக்கு ஒன்றாகப் போட்டார். மேலே ஒரு போர்டு: ‘பலகை மேல் நின்று தொடவும்.’ ரிப்பன் வெட்டவில்லை, அதுதான் குறை.

வீட்டில் இந்த எர்த் விவகாரம் வேறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் எலக்ட்ரீஷியன். நோயாளி உடம்பில் வயர் ஒட்டுகிற மெஷின்களுக்கெல்லாம் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. நாங்கள் கீழ் வீட்டில், தம்பியும் அவன் மனைவியும் மாடியில். சாயங்காலம் எல்லோரும் கீழே ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் இவர் கரண்டியைக் கையில் எடுத்துக்கொள்வார். பரிமாறத்தான் எடுக்கிறார் என்று நம்பித் தட்டை நீட்டியவர்கள் ஏமாந்துபோவார்கள். அவர் அதை வைத்துக் காற்றில் வயரிங் படம் போடுவார்.

“மாப்ள, உங்க கம்ப்யூட்டர் நின்னதுக்குக் காரணம் எர்த் இல்ல. எர்த் எடுத்த இடம். கட்டர் மெஷின் உடம்புலேர்ந்து வயர் இழுத்துக் கம்ப்யூட்டருக்குக் குடுத்திருக்காங்க. மோட்டார் கிளம்பும்போது அதோட குப்பையெல்லாம் அந்த வயர் வழியாவே கம்ப்யூட்டருக்குள்ள போகுது. சாக்கடை எதுத்து வருதுன்னு வீட்டுக்குச் சாக்கடையே வேணாம்னு அடைச்சா எப்படி?”

“மாமா, அது ஆஸ்பத்திரி. இது ஃபேக்டரி.”

“கரண்ட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது மாப்ள. மெயின் போர்டுல எர்த் பட்டை இருக்குல்ல? அங்கேர்ந்து நேரா கம்ப்யூட்டர் பெட்டிக்குத் தனியா ஒரு வயர்.” கரண்டி வலப்பக்கச் சுவரிலிருந்து இடப்பக்கச் சுவருக்குப் போயிற்று. “சப்ளையையும் மோட்டார் லைன்ல எடுக்காம தனி லைன்ல எடுங்க. வயரும் தனிக் குழாய்ல போகட்டும். ஆச்சு.”

“இல்ல மாமா, வேணும்னா வெளிய மண்ணுல புதுசா ஒரு கம்பி அடிச்சு, கம்ப்யூட்டருக்கு மட்டும் சுத்தமான எர்த் குடுக்கலாம்னு பாக்கறேன்.”

“அது இதைவிட மோசம்! கம்ப்யூட்டருக்கு ஒரு எர்த், கட்டருக்கு ஒரு எர்த்னு தனித்தனியா விட்டா, ரெண்டையும் சேத்து வைக்கறதுக்கு நடுவுல உங்க அக்காதான் நிப்பா. எல்லா எர்த்தும் ஒரே இடத்துல வந்து சேரணும்.”

“லேசாதானே மாமா அடிக்குது. எறும்பு கடிச்ச மாதிரி.”

“இன்னைக்கு எறும்பு. நாளைக்கு உள்ள ஒரு வயர் தேஞ்சுபோய்ப் பெட்டில பட்டுதுன்னு வைங்க. எர்த் இருந்தா ஃபியூஸ் போகும். எர்த் இல்லன்னா ஆள்தான் போகணும்.”

தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி குனிந்து தட்டைப் பார்த்தான். போகப்போகிற அந்த ஆளான நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லி மட்டும் கேட்டார்கள். எனக்கு வந்த எரிச்சலில் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

நான் ஊமையாக இருந்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டுக்காரருடைய டெஸ்டரை எடுத்துக்கொண்டு போய், மேனேஜரைக் கையோடு கூட்டி வந்து, பெட்டியின் கதவில் வைத்துக் காட்டினேன். டெஸ்டருக்குள் விளக்கு அழகாக எரிந்தது.

“நல்லதும்மா” என்றார் மேனேஜர். “கரண்ட் நல்லா வருதுன்னு அர்த்தம்.”

“சார், கரண்ட் உள்ள வரணும். வெளிய வரக் கூடாது.”

“மெஷின் நிக்குதா?”

“நிக்கல.”

“அப்புறம் என்னம்மா? ஓடறதை எதுக்கு நோண்டணும்? உன் தம்பி எவ்வளவு கஷ்டப்பட்டுச் சரி பண்ணியிருக்கான், நீயே இப்படிப் பேசலாமா?”

அவர் சொன்னதில் கடைசி வாக்கியம்தான் சுட்டது. தம்பியைத் தனியாக மாடிப்படியில் நிறுத்திக் கேட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்று வாய்விட்டே சொன்னேன். காலையில் கம்பெனி வாசலில் நுழையும்போதே வலது கை விரல்கள் மடங்கிக்கொள்கின்றன, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைக்கூடப் புறங்கையால் தொட்டுத்தான் திறக்கிறேன் என்று சொன்னேன்.

“வயரை மாட்டினா மறுபடியும் ஹேங் ஆகும்க்கா” என்றான். “எல்லாரும் டாக்டர் டாக்டர்னு கூப்பிடறாங்க. என் பேரு போயிடும். கொஞ்ச நாள் பொறுத்துக்கோ.”

பொறுத்துக்கொண்டேன். அவனுக்குப் பேர் இருந்தது, எனக்குப் பலகை இருந்தது.

இப்படி இருக்கும்போது இரண்டாவது மெஷினில் நின்றவர் வேலையை விட்டுப் போனார். ஏன் போகிறார் என்று மேனேஜர் கேட்டதற்கு, உணர்வு தாங்க முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் இடத்துக்கு என்னை மாற்றினார்கள். என் முதல் மெஷினுக்கு ஆள் தேடும்போது மேனேஜருக்கு ஒரு யோசனை வந்தது. டாக்டரின் மனைவி கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டில்தானே இருக்கிறாள், அவளை வரச் சொல்லலாமே என்றார். அந்தப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். தம்பி மட்டும் என்னவோ மென்று விழுங்கினான். ஆபீஸில் ஏதாவது வேலை போட்டுத் தரக்கூடாதா சார் என்று கேட்டானாம். ஆபீஸில் இடமில்லை என்று அவர் சொல்லிவிட்டார். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவசர வேலை என்று காலையிலேயே கம்பெனிக்குப் போனவன் பொழுது சாயும்போதுதான் வந்தான். சட்டையெல்லாம் சுண்ணாம்பு. லீவு நாளில்கூட உழைக்கிறானே பாவம் என்று காபி போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் காலை, ஷிஃப்ட் ஆரம்பிக்கும் முன்னால், தம்பி மனைவிக்கு வேலை சொல்லிக் கொடுக்க முதல் மெஷினுக்குக் கூட்டிப் போனேன். எங்கள் குல வித்தை அத்தனையும் இறக்கினேன்.

“வளையலைக் கழட்டி டப்பால போடு. பலகை மேல ஏறு. இடது கை முதுகுக்குப் பின்னால. இப்போ புறங்கையால லேசா தொட்டுப் பாரு. சுருக்குனு இருக்கும், பயந்துடாத.”

அவள் புறங்கையால் தொட்டாள். என்னைப் பார்த்தாள். விரலால் தொட்டாள். அப்புறம் உள்ளங்கை முழுவதையும் கதவில் வைத்து அழுத்தினாள்.

“ஒண்ணும் இல்லையே அண்ணி.”

நானும் தொட்டேன். ஒன்றும் இல்லை. சும்மா ஜில்லென்று இருந்தது, வெறும் இரும்பு.

பெட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். பளபளவென்று புது எர்த் வயர். தனிக் குழாயில், அடிக்கு அடி கிளிப் அடித்து, சுவரோடு ஒட்டி, ஒரு வளைவுகூட இல்லாமல் நேராக மெயின் போர்டின் எர்த் பட்டைக்குப் போயிருந்தது. சப்ளைக்கும் தனி லைன். என் வீட்டுக்காரர் கரண்டியால் காற்றில் போட்ட படம் அப்படியே சுவரில் இருந்தது. தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டிருந்தவன் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறான்! மெஷினைப் போட்டுப் பார்த்தேன். மோட்டார் உறுமியது. திரை அசையவில்லை, உறையவும் இல்லை.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. கண்கூடக் கலங்கிற்று. பிள்ளை திருந்திவிட்டான், வெளியில் சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட்டுக்கொண்டு லீவு நாளில் வந்து செய்திருக்கிறான் என்று நினைத்தேன். அதே வேகத்தில் இரண்டாவது மெஷினுக்குப் போய்ப் பெட்டியைத் தொட்டேன்.

சுருக்.

பின்னால் பார்த்தேன். எர்த் வயர் இல்லை. மூன்றாவது மெஷினுக்குப் போனேன். பூட்ஸ் அப்போதுதான் வந்து தன் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தார். அவர் பெட்டிக்குப் பின்னாலும் ஒன்றும் இல்லை. முதல் மெஷினுக்கு மட்டும்தான். அவள் நிற்கப்போகிற மெஷினுக்கு மட்டும்.

கண்ணாடி அறை வாசலுக்குப் போய்த் தம்பியை வெளியே கூப்பிட்டேன்.

“ஏன்டா, எனக்கு அடிச்சா எறும்பு. அவளுக்கு அடிச்சா மட்டும் என்ன, பாம்பா?”

“மெதுவா பேசுக்கா. எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். எப்படிச் செய்யணும்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரே நாள்ல செஞ்சிருக்க. அப்போ இத்தனை மாசம் என்னை எதுக்குடா அதுல நிக்க வச்ச?”

அவன் சுவரைப் பார்த்தான், காலைப் பார்த்தான், என்னை மட்டும் பார்க்கவில்லை.

“அவ பயந்த சுபாவம்க்கா. நீ தாங்குவ.”

நீ தாங்குவாய். சின்ன வயதிலிருந்து இதே பாட்டுத்தான். இருக்கிற ஒரு போர்வை தம்பிக்கு, அவள் தாங்குவாள். தம்பி படிக்கட்டும், அவள் வேலைக்குப் போகட்டும், அவள் தாங்குவாள். எங்கள் வீட்டில் எனக்குக் கொடுத்த ஒரே பட்டம் அது. அவனை அறையலாம் போல இருந்தது. அறைந்திருந்தால் அதையும் ‘லேசான உணர்வு’ என்று எழுதிவைத்திருப்பார்கள்.

அந்த நேரத்தில் மேனேஜர் காலை ரவுண்டுக்கு வெளியே வந்தார்.

“சார்” என்றேன், ரொம்ப மரியாதையாக. “புதுசா வந்த பொண்ணு மூணு மெஷினும் கத்துக்கட்டும். இன்னைக்கு அவ என் மெஷின்ல நிக்கட்டும், நான் முதல் மெஷின்ல நிக்கறேன்.”

“அதுக்கென்ன, தாராளமா” என்றார் மேனேஜர். தம்பி என்னவோ சொல்ல வாயெடுத்தான், மேனேஜர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டு கண்ணாடி அறைக்குள் திரும்பிப் போனான்.

தம்பி மேல் எனக்குக் கோபம் இருக்கலாம், அந்தப் பெண் மேல் என்ன கோபம்? அவளைக் கூப்பிடப் போகிற சாக்கில் இரண்டாவது பெட்டிக்குப் பின்னால் போய் மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த டெஸ்டரை வைத்து ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். கம்ப்யூட்டரை இன்னும் யாரும் ஆன் செய்யாததால் திரை எப்படியும் இருட்டாகத்தான் இருந்தது. ஒருவருக்கும் தெரியாது.

அவள் வந்தாள். முதல் மெஷினில் ஒன்றும் ஆகவில்லை என்ற தைரியம் அவளுக்கு. காலில் இடறிய பலகையை ஓரமாகத் தள்ளினாள். வெறும் தரையில் நின்றுகொண்டு, இடது கையால் வெட்டும் மெஷினின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது உள்ளங்கையைப் பெட்டிக் கதவை நோக்கி நீட்டினாள்.

“தொடாத!”

கூடமே திரும்பிப் பார்த்தது. தம்பிதான். கண்ணாடிக் கதவை இடித்துக்கொண்டு ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

“தொடாத! ஷாக் அடிக்கும்! செத்துப்போயிடுவ!”

அதற்குள் அவள் தொட்டுவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. கையை எடுக்காமலே திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் பாதி வழியில் அப்படியே நின்றான். அவன் கையாலேயே எர்த்தைப் பிடுங்கி எறிந்த பெட்டி அது, எறும்பு கடி என்று அவனே சத்தியம் செய்த பெட்டி.

“என்ன அடிக்கும்னு சொன்ன?” என்றார் மேனேஜர்.



“லேசான உணர்வு சார்” என்றார் பூட்ஸ், தன் பலகை மேலிருந்தே.

யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் பெட்டியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், தன் தலைக்கு மேலே தொங்கிய போர்டையும் பார்த்தார். கையை எடுத்துப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். தம்பி மனைவிதான் பேசினாள். சத்தம் போடக்கூட இல்லை.

“இந்த மெஷின்ல அண்ணிதானே நிக்கப் போறாங்க? இவ்வளவு நாளா அந்த மெஷின்லயும் அவங்கதானே நின்னாங்க?”

அதற்குப் பிறகு மேனேஜரிடம் எல்லாவற்றையும் அவனே சொன்னான். எர்த்தைக் கழற்றியது மருந்து இல்லை, வயர் வந்த வழிதான் வியாதி, மாமா சொன்னதுதான் சரி என்று திக்கித் திக்கிச் சொல்லி முடித்தான். இரண்டு மெஷினும் அன்றைக்கு நின்றன. ‘ஓடறதை எதுக்கு நோண்டணும்’ என்று மேனேஜர் சொல்லவில்லை. அவன் தொண்டை கிழியக் கத்தியதை அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியிலிருந்து வரவழைத்தார்கள். கடைசி கிளிப் அடிக்கும் வரைக்கும் அவர் வாய் ஓயவில்லை. தம்பி ஏணி மேல் நின்றுகொண்டு, தலையை ஆட்டி ஆட்டி வயர் இழுத்தான்.

இப்போது மூன்று பெட்டியும் வெறும் இரும்பு. எல்லோரும் என் சாமர்த்தியத்தை மெச்சுகிறார்கள். தம்பி மன்னிப்புக் கேட்டுவிட்டான், நானும் சரி விடு என்று சொல்லிவிட்டேன். ஆனால் அவன் ஓடி வந்த ஓட்டம் எனக்குள்ளேயே நிற்கிறது. அப்படி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, “அக்கா, தொடாத” என்று எனக்காகக் கத்திக்கொண்டு ஓடி வந்திருந்தால் போதும். வயரே மாட்டாவிட்டாலும் இன்னும் கொஞ்ச நாள் அந்தப் பெட்டி முன்னால் நின்றிருப்பேன்.